தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே

ஜூன் 9, 1963, ஞாயிறு

கப்பல் நிமிர்ந்து நிற்க மாட்டேன் என்கிறது. இரண்டு வாரமாகப் பார்த்துப் பார்த்து ஒட்டினேன். புகைபோக்கி, உயிர்காப்புப் படகுகள், கைப்பிடிக் கம்பிகள், எல்லாம் நூல் பிடித்த மாதிரி. அடிப்பாகம் மட்டும் முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. பிளாஸ்டிக் சாமான். சிங்கப்பூரிலிருந்து வருகிற வழியில் எங்கோ வெயிலில் கிடந்திருக்கும். கூடவே வந்த தாங்கியில் வைத்தால் இடப்பக்கம் சாய்கிறது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், கால் அங்குலச் சரிவு. முப்பது வருடமாகப் பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் இரும்பின்மேல் வெட்டுக்கோடு போட்டுக் கொடுக்கிறவன் வீட்டு அலமாரியில் கால் அங்குலச் சரிவு!

பார்சலின்மேல் ‘அம்மாவுக்கு’ என்றுதான் மகன் தங்கையன் எழுதியிருந்தான். நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். அவன் அம்மா சந்திராவா உட்கார்ந்து ஒட்டப் போகிறாள்? அது அவனுக்கும் தெரியும்.

ஜூன் 10

மத்தியானச் சாப்பாட்டில் பெயிண்ட் ஷாப் இருதயநாதனிடம் சொன்னேன். சிரித்தான்.

“அண்ணே, ஹார்பர்ல நிக்கிற கப்பலுக்கு அடி தெரியுமா? செவப்பு அடிச்ச அடிப்பாகம் தண்ணிக்குள்ள, அதுக்கு மேலதான தெரியும். தண்ணிக் கோட்டோட அறுத்துட்டு ஒரு பலகையில உக்கார வச்சிருங்க. சுத்திக் கடல் செஞ்சிரலாம். பெயிண்ட் நான் தரேன்.”

நல்ல யோசனை. கோணல் முழுவதும் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. போனால் போகட்டும்.

ஜூன் 11

சந்திரா கூடாது என்கிறாள்.

“புள்ள தண்ணிமேல இருக்கான். நீங்க கப்பலோட அடிய அறுக்கப் போறீங்களா?”

பொம்மை, பிளாஸ்டிக் என்றேன்.

“இருக்கட்டுங்க. கரை சேந்துட்டேன்னு கடுதாசி வரட்டும். அப்புறம் அறுங்க.”

எரிச்சலாக இருந்தது. ஆனால் அவள் நாகப்பட்டினத்துக்காரி. கடல் விஷயத்தில் அவளோடு வாதாட ஸ்ரீரங்கத்தில் பிறந்தவனுக்கு வாய் கிடையாது. காத்திருக்கிறேன்.

ஜூன் 20

கடிதம் இல்லை. கப்பல் சாய்ந்தபடியே நிற்கிறது.

ஜூன் 29, சனி

கொழும்பிலிருந்து கடிதம். கரை சேர்ந்துவிட்டான். அம்மாவுக்கு எழுதியது, அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, அதனால் வாசித்துக் காட்டுவது நான். அவள் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும் நான். மூன்று வருடமாக இப்படி. நாலு பேர் காலைப் பிடித்து ஒர்க் ஷாப்பில் அப்ரண்டிஸ் இடம் வாங்கிக் கொடுத்தேன். அதை உதறிவிட்டுக் கப்பல் எஞ்சினுக்கு எண்ணெய் போடப் போனான். ‘அப்பா’ என்ற சொல் அவன் கடிதம் ஒன்றிலும் வந்ததில்லை. நானும் என் சொல்லாக ஒன்றும் எழுதியதில்லை. கையெழுத்து என்னுடையது, பேச்சு அவளுடையது.

முடிக்கும்போது சந்திரா சொன்னாள்: “அடியில எடம் இருக்குல்ல? ஏதாச்சும் எழுதணும்னா எழுதுங்களேன்.”

இடம் இருந்தது. மடித்து ஒட்டிவிட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

அறுத்தாயிற்று. மேல்தளத்தை ரசமட்டத்துக்குக் கொண்டுவந்து, ஆடாமல் களிமண் முட்டுக் கொடுத்தேன். மார்க்கிங் கட்டையில் ஊசியை ஒரே உயரத்தில் இறுக்கி, கப்பலைச் சுற்றி ஓட்டினேன். மயிரிழை மாதிரி கோடு விழுந்தது. ஆக்ஸா பிளேடை வேகமாக இழுத்தால் சூட்டில் பிளாஸ்டிக் உருகி மறுபடி ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் தொட்டுத் தொட்டு மெதுவாக இழுத்தேன். மூன்று மணி நேரம். பக்கங்கள் உள்ளே மடங்காமலிருக்க மரத்துண்டுகள் வைத்து, கண்ணாடிமேல் உப்புத்தாள் விரித்துத் தேய்த்தேன். பலகையில் வைத்தால் அடியில் வெளிச்சம் நுழையவில்லை. அவ்வளவு நேர்.

கழித்த சிவப்பு அடியைக் குப்பைக்கூடையில் போட்டேன். சந்திரா அதை எடுத்து, துடைத்து, பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். எதற்கு என்றேன். “இருந்துட்டுப் போகட்டுங்க” என்றாள்.

ஜூலை 21, ஞாயிறு

கடல் செய்தேன். ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கிற பட்டியைப் பலகையில் பரப்பி, சீப்பால் அலை இழுத்து, இருதயநாதன் கொடுத்த பெயிண்டுகளை நானே கலந்து அடித்தேன். என் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. சந்திரா பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“என்ன?”

“இது காவேரிங்க. ஆடித் தண்ணி.”

பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. செம்மண் நிறம். அலை எல்லாம் ஒரே பக்கம் ஓடுகிறது. கப்பலுக்குப் பின்னால் பாலத்துத் தூணைச் சுற்றுவதுபோல் ஒரு சுழல் வேறு. தினம் இரண்டு வேளை பாலத்தின்மேல் சைக்கிள் மிதிக்கிறவனுக்கு வேறு தண்ணீர் எங்கே தெரியும்?

ஜூலை 28

பழைய பட்டியைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பரப்பிக் கொடுத்தேன். அவளே கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிக் கடல் செய்தாள். “நடுக்கடல் ஓடாதுங்க. நின்ன எடத்துலயே எழும்பி எறங்கும்.” நீலத்தில் கறுப்புக் கலந்தாள். போதவில்லை என்று வேட்டிக்குப் போடும் நீலத்திலும் ஒரு சிட்டிகை. கப்பலை வைத்ததும் எனக்கே லேசாகத் தலை சுற்றியது. அவளுக்கு இப்படி ஒரு கை இருப்பது இருபத்தாறு வருடத்தில் எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 17, சனி

பம்பாயிலிருந்து கடிதம். மழை, சாப்பாடு, பல்வலி. எல்லாம் வாசித்தேன். கடைசிப் பகுதியை வாசிக்கவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

‘அம்மா, அந்தக் கப்பலை அப்பா ஒட்டியிருப்பார். சிவப்பாக இருக்கிற பாகத்தில், பின்முனையிலிருந்து நாலு விரல் தள்ளி, அங்கேதான் எஞ்சின் ரூம். நான் அங்கேதான் நிற்கிறேன். அப்பாவை அந்த இடத்தைக் காட்டச் சொல்.’

அப்பா என்று எழுதியிருக்கிறான். இரண்டு தடவை.

“அவ்வளவுதானா?” என்று சந்திரா கேட்டாள். அவ்வளவுதான் என்றேன்.

ஆகஸ்ட் 18

அவன் நிக்கிற எடத்தத்தானே அறுத்துப் போட்டேன் — குப்பைக்கூடையில. எனக்கென்ன தெரியும், பரிசலத் தவிர நான் எதைக் கண்டேன்? இல்ல, அது சாக்கு. பாய்லருக்கும் சக்கரத்துக்கும் முப்பது வருஷம் கோடு போட்டவனுக்கு, கப்பல்ல எஞ்சின் எங்க இருக்கும்னு கேக்கத் தோணலையே. மூணு வருஷத்துல ஒரு தடவ கேட்டிருந்தாப் போதுமே. அவன்கிட்ட எதைத்தான் கேட்டேன்?



ஆகஸ்ட் 20

சொல்லிவிட்டேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை எடுத்து, விட்டதை வாசித்தேன். புடைப்பதை அவள் நிறுத்தவில்லை.

“எஞ்சின் பின்ன மொட்டமாடியிலயா இருக்கும்?”

“உனக்குத் தெரியுமா?”

“எங்கண்ணன் துறைமுகத்துல மூட்டை தூக்குனவரு. இது தெரியாதா?”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொன்னேனே. புள்ள இருக்கான், அறுக்காதீங்கன்னு சொன்னேன். நீங்கதான் பொம்மைன்னீங்க.”

முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். பெருமாள் படத்துப் பக்கத்திலிருந்து அந்தச் சிவப்பு அடியை எடுத்து என் கையில் கொடுத்தாள். அதில் குங்குமம் இருந்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கொதித்து இறக்கிய வெந்நீரில் அடிப்பாகத்தை முக்கி, இளகியதும் செதுக்கி வைத்திருந்த கட்டையில் அமுக்கினேன். பத்தே நிமிடம். நேராகிவிட்டது. இதை ஜூன் மாதமே செய்திருக்கலாம். கோணல் என்றதும் எனக்கு அறுக்கத்தான் தோன்றியது. நேராக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மறுபடி ஒட்டலாம்தான். ஆனால் சந்திராவின் கடலைப் பெயர்க்க மனம் வரவில்லை. பலகைக்கு நாலு கால் கொடுத்து உயர்த்தி, மேலே கப்பல் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே அடிப்பாகத்தைப் பொருத்தினேன். அரை நூல் பிசகில்லை. நின்று பார்த்தால் கடலில் போகிற கப்பல். குனிந்து பார்த்தால் தண்ணீருக்குள் இருக்கிற மிச்சம்.

செப்டம்பர் 1

பதில் எழுதினோம். அவள் பேச்சு முடிந்தபின் அடியில் இடம் இருந்தது. எழுதினேன்:

‘நீ நிற்கிற இடத்தை அம்மாவுக்குக் காட்ட வேண்டும். நாலு விரல் என்கிறாய். யார் விரல்? உன் விரலா, என் விரலா? அளவு தெரியாமல் நான் கோடு போடுவதில்லை. பல்லைக் கவனி. — அப்பா.’

செப்டம்பர் 14

கடிதம் இல்லை.

அக்டோபர் 5, சனி

உறையின்மேல் என் பெயர். திரு. நல்லதம்பி என்று, தெருப் பெயரோடு. தபால்காரரிடம் சரியாகப் பார்த்துத்தான் கொடுக்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன்.

‘உங்கள் விரல்தான் அப்பா. உங்கள் கையை நினைத்துத்தான் எழுதினேன்.’

பின்முனையில் சுண்டுவிரலை வைத்து நாலு விரல் பதித்தேன். ஊசியால் சின்னதாக ஒரு கோடு போட்டேன். சந்திரா தரையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, பலகைக்கு அடியில் கையை விட்டு அந்த இடத்தைத் தொட்டாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

பிறகு சொன்னாள்: “மிச்சத்தயும் படிங்க. போன தடவ மாதிரி முழுங்காதீங்க.”

பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறானாம். ஒரு வரி விடாமல் வாசித்தேன்.