மாப்பிள்ளை மேல் ஏற்றிய கோபம்

அடி அண்ணாமலை,
வைகாசி 18, திங்கள்.

அன்புள்ள மாப்பிள்ளை கோபி அவர்களுக்கு, மாமனார் அப்பாதுரை சொல்லச் சொல்ல, ஜெராக்ஸ் கடை வினோதினி எழுதுவது. நானும் என் பெண் கஸ்தூரியும் சுகம். அந்த வெயில் தேசத்தில் அண்ணாமலையார் உங்கள் கூடவே இருக்கட்டும்.

பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் ஜாஸ்தி. கஸ்தூரி கடை இட்லி சாயங்காலமே தீர்ந்துவிட்டது.

பத்தாவது பரீட்சையில் அவள் தமிழில் மட்டும் நாலு மார்க்கில் தவறிவிட்டாள். அணிக் கேள்விக்கு மேற்கோள் பாட்டு ஞாபகம் வரவில்லையாம். ரிசல்ட் வந்த அன்றிலிருந்து உங்களுக்குப் போன் போடுகிறாள். எடுக்கவில்லை. பதினாறு நாள். நான்தான் வாயை விட்டேன். "நீ ஃபெயிலாயிட்டன்னு மாப்பிள்ளைக்குக் கோபம். அதான் போனை ஆஃப் பண்ணி வெச்சிருக்காரு. முப்பத்தஞ்சு வயசுல உனக்கு எதுக்கும்மா படிப்பு?"ன்னு கேட்டேன். அவள் புத்தகத்தை எடுத்துப் பரணில் போட்டாள். மறுபரீட்சைக்கு இந்தச் சனிக்கிழமைக்குள் மனு போட வேண்டும். மாட்டேன் என்கிறாள்.

தன் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வந்த உங்கள் கூட்டாளி பிரசாத் நேற்று வீட்டுக்கு வந்தான். உங்கள் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து, நம்பரெல்லாம் அதோடு போச்சாம். "எங்க வூட்ல பாஸாயிருப்பா, கேட்டுட்டு வாடா"ன்னு சொல்லி அனுப்பினீர்களாம்.

எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் காதில் விழுந்தது போகாது. மாவு அரைத்துக்கொண்டே அவள் படித்தது அப்படியே இருக்கிறது. இயல்பாய் நடக்கிற ஒன்றின் மேல் புலவன் தன் எண்ணத்தை ஏற்றிச் சொன்னால் அது தற்குறிப்பேற்ற அணி. நீங்கள் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில், மாப்பிள்ளையைப் போகவிடாமல் மழை மறிக்கிறது என்று சொன்னேனே, அதுவும் இந்த அணிதானாம். "மழை அதுபாட்டுக்குப் பெஞ்சுதுப்பா. காரணம் உன்னுது"ன்னு சிரித்தாள். உங்கள் போனும் அதுபாட்டுக்குத்தான் கெட்டது. கோபத்தை ஏற்றியவன் நான். புலவன் ஏற்றினால் பாட்டாகிறது. நான் ஏற்றியதில் என் பெண் படிப்பை விட்டாள்.

அவளிடம் உண்மையைச் சொன்னேன். "அன்னிக்கி ஒண்ணு சொன்ன, இன்னிக்கி ஒண்ணு சொல்ற. பிரசாத்துக்கும் நீதான் சொல்லிக் குடுத்திருப்ப"ங்கறா. பிரசாத் அங்கே உங்கள் ரூம்காரருக்குப் போன் போட்டுப் பார்த்தான். நீங்கள் வெளி வேலைக்குப் போயிருக்கிறீர்களாம், புதன்கிழமைதான் திரும்புவீர்களாம். அவனும் அன்றைக்கு அங்கே வந்துவிடுவான். இந்தக் கடிதம் அவன் கையில்.

பின்பக்கம் கஸ்தூரியின் நம்பர் இருக்கிறது. ஒன்று அழிந்தாலும் ஒன்று இருக்கட்டும் என்று வினோதினி இரண்டு தரம் எழுதியிருக்கிறாள். பிரசாத் போனிலேயே கூப்பிடுங்கள். எடுத்ததும் மார்க்கைக் கேளுங்கள். நாலு மார்க்தானே என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பரணில் ஏறிவிடுவாள். சனிக்கிழமையையும் ஞாபகப்படுத்துங்கள்.

என்னைத் திட்டவேண்டுமானால் அவள் மனு போட்ட பிறகு சாவகாசமாய்த் திட்டுங்கள். வாங்கிக்கட்டிக்கொள்கிறேன். தீர்க்காயுசாய் இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
அப்பாதுரை (கைநாட்டு)