நிக்கோலாசா அக்காவின் பன்றிப் பரண்

அம்மாவுக்கு யாமில் வணங்கி எழுதுவது.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், உன் மகனின் இடது செருப்பைச் சான் ஹோர்ஹே ஆறு கொண்டுபோய்விட்டது. மற்றபடி நலம். உன் மூட்டுவலி எப்படி?

நான் வேலை பார்க்கும் அரிசி ஆலையை மழைக்காக மூடிவிட்டார்கள். மழை வலுக்குமுன் ஊரெல்லாம் பரண் கட்டினோம். மரம் சுமந்து தோளே மரத்துவிட்டது. முதுகு இன்னும் நிமிரவில்லை. நிக்கோலாசா அக்காவுக்குச் சொத்தே மூன்று பன்றிகள்தான். அவற்றின் பரண் என் பொறுப்பு. போன வெள்ளத்தின் சேற்றுக்கறைக்கு மேலே ஒரு முழம் உயர்த்த வேண்டும். அக்காவோ திருவிழாவுக்குச் சுவரை வெள்ளையடித்துக் கறையை மறைத்திருந்தார்.

"எவ்வளவு உசரம்டா வைப்ப?"

"கண்ணாலயே அளந்துட்டேன்க்கா. இது பரண் இல்ல, அரண்!"

"பன்னி போச்சுன்னா உன்னத்தான் சுட்டுத் தின்பேன்."

நேற்று வெள்ளம் வந்தது. மூன்று பன்றிகளும் பத்திரம். எல்லாம் என் கைவண்ணம்.

உப்பு மீன் அனுப்பு. பொட்டலத்தை நீயே கட்டு. உன் பழைய போர்வையும் வேண்டும், துவைக்காமல் அனுப்பு. கடிதத்தை வாங்கிப்போக வந்த படகுக்காரர் கத்துகிறார்.

யாமில்

சரி, சொல்லிவிடுகிறேன். பரணைத் தாழ்வாகக் கட்டிவிட்டேன். ஊரார்தான் மார்பளவுத் தண்ணீரில் பன்றிகளை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப்போனார்கள். எனக்குத்தான் நீச்சல் தெரியாதே, அதனால் பன்றிகளுக்கு அடுத்து என்னையும்.