மூலைக்குப் போன பந்து

திங்கள், ஜூலை 7

என் பிரியமான கேப்டன் அக்காவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால், ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே எழுதுகிறேன் என்று புரிந்துகொள்ளுங்கள்.

அணித் தேர்வு வாரம் முழுக்க எந்த ஆட்டக்காரியோடும் பேசமாட்டீர்கள், போனும் எடுக்கமாட்டீர்கள், சொல்ல வேண்டியதை எழுதி விளையாட்டு அறைப் பெட்டியில் போட வேண்டும் என்று காலையில் சொன்னீர்கள். புதுசு பழசு எல்லாருக்கும் ஒரே சட்டமாம். சரிதான். ஆனால் விடுதியில் இரண்டு வருடம் உங்களோடு ஒரே சோப்பைப் பங்கு போட்டுக்கொண்ட எனக்குமா?

இன்றைக்குக் கூடைப்பந்து மைதானத்தில் நடந்ததைப் பற்றித்தான் எழுத வந்தேன். பந்து கைக்கு வந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் வலது மூலைக்கு எறிந்தேன். நாம் சேர்ந்து ஆடிய காலத்தில் அந்த மூலையில் நீங்கள் இருப்பீர்கள். இன்றைக்கு அங்கே யாருமில்லை. கோட்டுக்கு வெளியே விசிலைக் கடித்துக்கொண்டு நின்ற நீங்களே பிடித்தீர்கள். "கோச்சும் செலக்‌ஷன்ல நிக்கிறாங்களா?" என்று ஒரு புதுப்பெண் கேட்டதும் மைதானமே சிரித்தது. மேல்படியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர்கூடச் சிரித்தார். பாப்பா அவர் சட்டையில் கக்கிய பிறகுதான் நிறுத்தினார்.

அக்கா, அந்த ஒரு பந்தை வைத்து என்னை எடை போட்டுவிடாதீர்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த சீட்டு இது. பன்னிரண்டு பேரில் என் பெயரும் இருந்தால்தான் கடைசி வருடப் படிப்பில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரருக்கு வேறு ஊரில் வேலை தயாராக இருக்கிறது. "பேர் வந்துச்சுன்னா இருந்து படிச்சு முடி, நான் தள்ளிப் போட்டுக்கறேன். வரலைன்னா சனிக்கிழமை கிளம்பிடலாம். அப்புறம் இந்தப் பேச்சே வேணாம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

உங்கள் வாண்டு

(பதிலை விளையாட்டு அறையில் இருக்கும் என் ஷூ ரேக்கில் வையுங்கள்.)


செவ்வாய், ஜூலை 8

வாண்டு,

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? முகம் வற்றிக் கிடக்கிறது. முதலில் இதைக் கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் உனக்குக் கசக்கும்.

கடிதத்தைக் கேப்டனுக்கு எழுதியிருக்கிறாய். பெட்டியைத் திறந்தது கோச். உன் மூச்சு பாதியாகிவிட்டது. கால் பிந்துகிறது. பிரசவமாகி வந்தவளுக்கு அது சகஜம், பழகினால் திரும்பிவிடும். கை அப்படியே இருக்கிறது. என் கவலை வேறு. நேற்று நீ யாரோடு ஆடினாய்? நம்முடைய பழைய ஆட்களோடு. அதில் ஒருத்தி வங்கியில் உட்கார்ந்திருக்கிறாள், ஒருத்தி கப்பலேறிவிட்டாள், என் கையில் விசில். உனக்கு நேரெதிரே ரயில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நீ அவளைப் பார்க்கவே இல்லை. ரயில் என்றால் என்னைக் கிண்டலடித்தாளே, அவள்தான். காற்றாக ஓடுவாள், வளையத் தெரியாது, அதனால் அந்தப் பெயர்.

பந்தைப் பிடித்தது என் தப்பு. கை தானாகப் போய்விட்டது. அதனாலேயே உன்னை இன்னும் கறாராகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பதினோரு பெயர் முடிவாகிவிட்டது. மிச்சம் ஒரு இடம். நீ, இல்லையென்றால் ரயில். வியாழக்கிழமைத் தேர்வு ஆட்டத்தில் இருவரையும் ஒரே பக்கம் விடுகிறேன். எதிரெதிரே விட்டால் ஒருத்தியை ஒருத்தி மறிப்பதிலேயே நேரம் போய்விடும்.

பாப்பாவுக்கு என் முத்தம்.

கோச்


புதன், ஜூலை 9

அக்கா,

உங்கள் கடிதத்தைக் கழிப்பறையில் நின்றுகொண்டு படித்தேன். வெளியே வர நேரமாகிவிட்டது.

கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். ரயில் இப்போதுதான் முதல் வருடம். அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அவளுக்குத் தேர்வு வரும். எனக்கு இது ஒன்றுதான். அவளை அடுத்த வருடம் எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? யாருக்கும் தெரியப்போவதில்லை. உங்கள் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

இன்று குழாயடியில் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, அன்னிக்கு அந்த மூலைக்கு ஏன் போட்டீங்க? அங்க யாராவது வரணுமா?"

"நான் இடது தோளை இறக்கினா நீ வலது மூலைக்கு ஓடணும். பந்து தன்னால வரும்."

"நேரா ஓடினாப் போதுமா?"

"திரும்பணும்டி. உன்னை ரயில்னு சும்மாவா சொல்றாங்க!"

அவள் சிரித்துவிட்டு, வாளிகளைச் சுற்றி ஓடி ஓடிப் பழகினாள். நானும் நின்று தோளை இறக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். ஏன்தான் சொல்லித் தொலைத்தேனோ!

வாண்டு


புதன் மாலை

வாண்டு,

அடுத்த வருடத்தைப் பற்றி நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. அந்தப் பெண்ணின் வீட்டிலும் ஏதோ ஒரு சனிக்கிழமை காத்துக்கொண்டிருக்கும். நாளைக்கு வயிறு காயாமல் வா. வந்து ஆடு.

கோச்


வியாழன், ஜூலை 10

அன்புள்ள கோச்,

ஆட்டத்தை நீங்கள் பார்த்தீர்கள். ஆனாலும் என் பக்கத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கடைசி நிமிடத்தில் பந்து என்னிடம் இருந்தது. வளையம் வரைக்கும் வழி திறந்து கிடந்தது. நானே போயிருக்கலாம், மூச்சும் இருந்தது. என் தோள் தானாக இறங்கியது. இந்தத் தடவை திரும்பிப் பார்த்தேன். ரயில் வளைந்து ஓடி அந்த மூலைக்கு வந்துகொண்டிருந்தாள். போட்டுவிட்டேன். அவள் எறிந்த பந்து வளையத்தின் விளிம்பைக்கூடத் தொடாமல் வலைக்குள் விழுந்தது. ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினாள். "அக்கா, நீங்க சொன்ன எடம்!" என்று என் காதில் கத்தினாள். ஒரு நிமிடம், கோச், எனக்குக் குழந்தை, சீட்டு, சனிக்கிழமை எதுவுமே நினைவில்லை. கீழே இறக்கிவிட்ட பிறகுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வரும்போது அவர் கேட்டார்: "நீயே போட்டிருக்கலாமே?"

"அவ அங்க இருந்தா" என்றேன். வேறு என்ன சொல்ல? வீட்டுக்கு வந்ததும் அவர் பரண்மேலிருந்து பயணப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தார். பாப்பா பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து கை தட்டுகிறாள். அதைப் பார்க்க முடியாமல்தான் அடுப்படியில் வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தப் பந்து விழுந்தபோது உங்களைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். முன்பெல்லாம் உங்கள் முகத்தைப் பார்த்தாலே அடுத்து எந்தப் பக்கம் ஓடுவீர்கள் என்று தெரிந்துவிடும். இன்றைக்குத் தெரியவில்லை.

என்னை எடுங்கள் என்று நேற்று கேட்டதை விட்டுவிடுங்கள். ரயில் என்னைவிட மேல் என்றால் அவளையே எடுங்கள். ஆனால் எனக்கு அந்த இடம் எவ்வளவு வேண்டும் என்பது மட்டும் குறையவில்லை. இந்த ஊரைவிட்டுப் போனால் நான் திரும்பப் புத்தகத்தைத் தொடமாட்டேன், பந்தையும் தொடமாட்டேன். என்னை எனக்குத் தெரியும். நாளைக்குப் பட்டியல் ஒட்டியதும் எல்லாரும் முண்டியடிக்கும்போது பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அறிவிப்புப் பலகையில் என் பெயரைத் தேட என்னால் முடியாது. ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் உங்கள் கையெழுத்தில் ஒரு வரி போதும். விடிந்ததும் வந்து ரேக்கைப் பார்ப்பேன்.

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

வாண்டு