மணப்பெண் இல்லாத மண்டபம்

என்னங்க,

எல்லோருடைய போனையும் நான்தான் வாங்கிப் பெட்டியில் வைத்தேன். யாரும் முணுமுணுக்கக் கூடாதென்று என்னுடையதையும் சேர்த்து. அதனால்தான் கடிதம். பால்காரரிடம் கேட் கம்பி வழியாகக் கொடுத்தனுப்புகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருக்கிறோம். நம் பக்கம் வந்த கவுன்சிலர்கள் அத்தனை பேரும் இங்கேதான். தெருவில் சந்தேகம் வராமலிருக்க வாசலில் வாழைமரம்கூடக் கட்டியிருக்கிறோம். நாளை நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஓட்டெடுப்பு. நகராட்சித் தலைவி இறங்கினால் அந்த நாற்காலி எனக்கு. ஆட்களை அடைத்து வைத்து ஜெயித்தவள் என்று அவளை எத்தனை மேடையில் திட்டியிருப்பேன்!

காலையில் இருதயமேரி பையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். "வரும்போதே பிள்ளைக்குக் காய்ச்சல்க்கா. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

உண்மையாக இருக்கலாம். அந்தப் பக்கத்து ஆட்கள் பேசி முடித்திருக்கவும் கூடும். ஒரு ஓட்டுப் போனால் எல்லாம் போச்சு.

"நாளைக்கு முடிஞ்சதும் நானே கூட்டிட்டுப் போறேன் மேரி" என்றேன்.

"கேட்டை யாருக்கா பூட்டுனது?"

"மண்டபத்துக்காரங்களா இருக்கும்."

நீங்கள் பொன்மலைக்கு வேலைக்குப் போகும் வழியில் அவள் வீட்டுக்குப் போய், பிள்ளையை டாக்டரிடம் காட்டுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். என்னைத் திட்டாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எல்லாவற்றையும் நேர்மையாகச் செய்வேன்.

அவள் இன்னும் கேட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். இடுப்பில் செருகிய சாவி குனிந்தாலும் நிமிர்ந்தாலும் குத்துகிறது. எடுத்து வெளியே வைக்கவும் பயமாக இருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரி