தேசிக்காய் நாலு, ஒயில் இல்லை

செப்டெம்பர் 6, சனி

மழை. கராஜ் கதவுக்குக் கீழால் தண்ணீர் உள்ளே வருகிறது.

அப்பா பஸ் ஓட்டப் போய்விட்டார். நான் தனியே. எஞ்சினுக்கு அடியில் கசிவு, ஒயிலை அடைத்து வைக்கும் காஸ்கெட் பழுது. ஒயில் முழுவதையும் வாளியில் இறக்கிவிட்டேன். புது காஸ்கெட் தபாலில் செவ்வாய்தான் வரும்.

மிச்சம்:
- காஸ்கெட், ஒயில்
- இடது முன் விளக்கு
- சீற் பெல்ட் ஆணி இரண்டு

வெள்ளிக்கிழமை ஹோகுன் வருவார். ஸ்டோவ்னர் பக்கம் கார் திருத்தும் வெர்க்ஸ்தெட் வைத்திருப்பவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்ட பிறகு என்னை லேர்லிங்காகச் சேர்ப்பதா என்று சொல்வாராம். வேலை பழக இந்த ஒரு இடம்தான் கிடைத்திருக்கிறது. வகுப்புக்கு முன்னால் நின்று பேச முடியாமல் மாரிகாலத்தில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அன்றிலிருந்து எல்லா நாளும் இந்தக் காரோடுதான். பாகம் பாகமாகப் பெட்டிகளில் வந்ததை நானும் அப்பாவும் பூட்டுகிறோம். இப்போது நாலு சில்லு, இரண்டு இருக்கை, கூரை இல்லை.

ஒரு தாளில் நொர்ஸ்க் மொழியில் எழுதி ஓட்டுநர் இருக்கையில் வைத்தேன்: “ஒயில் இல்லை. ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.” அப்பாவிடம் வாயால் சொல்லவில்லை. எழுதினால் போதும் என்று நினைத்தேன்.

செப்டெம்பர் 7, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

பெரியப்பா குடும்பம் திடீரென்று வந்தது. காருக்குப் பூசை. நாலு சில்லுக்கும் கீழே, ஏறி நசுக்க, நாலு தேசிக்காய். தேங்காய், கற்பூரம். கராஜுக்குள் ஒன்பது பேர். நான் பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால்.

“தம்பி, நாலரைக்கு ராகுகாலம். கெதியா, கெதியா,” என்றார் பெரியப்பா. அப்போது நாலு இருபது.

“ஸ்டார்ட் பண்ணத் தேவையில்லை அண்ணை, வேலை இன்னும் முடியேல்லை, சும்மா தள்ளுவம்,” என்றார் அப்பா.

“தள்ளுறதுக்கு இதென்ன மாட்டு வண்டிலே? திறப்பைத் தா.”

பெரியப்பா தாளின் மேலேயே உட்கார்ந்தார். எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. எஞ்சின் பிடித்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பெரியம்மா படம் எடுத்தார். அப்பா முன்னால் குனிந்து தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா சிரித்துச் சிரித்து மிதித்தார். ஒயிலின் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. பிறகு தட்டும் சத்தம். பிறகு இரும்பு இரும்பைக் கடித்த மாதிரி ஒன்று. நின்றது.

“நாவூறு, ஆரோ கண் வைச்சிட்டினம்,” என்றார் பெரியம்மா.

தேசிக்காய்கள் நசுங்கவே இல்லை.

செப்டெம்பர் 8, திங்கள்

பெரியப்பாவின் பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்தில் அச்சடித்தது. ராகுகாலமும் அந்த ஊர் நேரம். இங்கே நாலரை என்றால் அங்கே இரவு எட்டு. ராகுகாலம் எப்போதோ முடிந்துவிட்டது. அவசரமே இருக்கவில்லை.

அம்மா குசினியில் மெல்லிய குரலில்: “சாப்பிடுங்கோவன்.”

அப்பா: “பெயாரிங் பூட்டினது நான். நான்தான் எங்கையோ பிழை விட்டிட்டன்.”

அறைக்குள்ளிருந்து கேட்டேன். வெளியே போகவில்லை.

செப்டெம்பர் 9, செவ்வாய்

காஸ்கெட் வந்தது.

செப்டெம்பர் 11, வியாழன்

பயிற்சி செய்தேன், குளியலறையில், தண்ணீரைத் திறந்துவிட்டு. “அப்பா, அது உங்களிலை பிழையில்லை.” பதினைந்து தடவையாவது இருக்கும். சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்டேன்.

செப்டெம்பர் 12, வெள்ளி

வெயில், குளிர்.

ஹோகுன் வந்தார். பெரிய கை, சிறிய குரல். எஞ்சின் இறுகிவிட்டது, பெயாரிங் தன் பிழை, பிள்ளை நன்றாக வேலை செய்வாள் என்று அப்பா நொர்ஸ்கில் சொன்னார். ஹோகுன் காருக்குக் கீழே படுத்து ஒயில் ஆணியைக் கழற்றினார். ஒரு சொட்டும் விழவில்லை.

எழும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா ஆணித் துளையையே பார்த்தபடி.

இருக்கைக்குக் கீழே கசங்கிக் கிடந்த தாளை எடுத்துக் கொடுத்தேன். நொர்ஸ்கில் எழுதியது. ஹோகுன் படித்தார். யார் எழுதியது என்று கேட்டார். வகுப்பில் மாதிரிக் கையை உயர்த்தினேன்.

“ஸ்டார்ட் பண்ணும்போது நீ இங்கே நின்றாயா?”

தலையாட்டினேன்.

கொஞ்ச நேரம் கை துடைத்தார். “ஒவ்வொரு ஆணியும் சுத்தமாக இருக்கிறது. என் ஆட்கள்கூட இப்படிச் செய்ய மாட்டார்கள். ஆனால் என்னிடம் ஒருவன் காருக்குக் கீழே கிடக்கும்போது ஜாக்கி வழுக்கினால், உனக்குத் தாள் எடுக்க நேரம் இருக்காது.”

இந்த வருடம் இல்லை என்றார். கோபமாக இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மருட்டில் எங்கள் வீட்டுக்கு ஏறும் பாதையில் அப்பா எனக்கு முன்னால் நடந்தார். லிஃப்டில்: “அஞ்சு நாள், பிள்ளை. அஞ்சு நாள் நான் என்ரை கையைப் பாத்துக்கொண்டு இருந்தனான்.”

செப்டெம்பர் 13, சனி

மழை திரும்பவும்.

அப்பா காலையில் கதவைத் தட்டினார். “வா. எஞ்சினைக் கழட்டுவம்.”

கராஜில் ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டு சும்மா நின்றார். நான் கையை நீட்டினேன், தரவில்லை. பற்றரியைக் காட்டினேன், அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“காட்டாதை. நீ வாயாலை சொல்லு, நான் செய்யிறன். சொல்லாட்டி இண்டு முழுக்க இப்பிடியே நிப்பன்.”

தேசிக்காய் நாலும் இன்னும் சில்லுகளுக்குக் கீழே. ஒன்றில் பூஞ்சணம்.

கதவில் மழை.

“முதல்லை பற்றரி,” என்றேன்.

“கேக்கேல்லை.”