தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் தோள் திறந்த கதை

அன்பு மகள் எலிக்குட்டிக்கு,

இங்கே நானும் உன் சித்தியும் என் தையல் மெஷினும் சேமம், அங்கே நீயும் உன் பசியும் உன் தூக்கமும் அதே மாதிரி இருக்க வேண்டும். உன் அப்பாவுக்குக் கடிதம் எழுத ஆரம்பிக்க வராது, எனக்கு நிறுத்த வராது, ஆகையால் பெற்றவர்கள் எல்லோர் சார்பிலும் சித்தப்பனாகிய நானே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் உலகத்தில் ஒருவரும் நம்ப மாட்டாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்று என் கத்தரிக்கோல் மேல் கைவைத்து உறுதி கூறுகிறேன். நீயும் நம்ப வேண்டாம். ஆனால் முழுக்கப் படி. நீ வேலைக்குப் போயிருக்கும் அந்த ஊர் மொழிப் பரீட்சையிலிருந்து பெயரை எடுத்துவிடப் போவதாகச் சித்தியிடம் போனில் சொன்னாயாமே. பரீட்சை தேறாவிட்டால் ஆஸ்பத்திரி வேலை நிரந்தரம் ஆகாது என்று தெரிந்தும், "ஆரம்பிக்கிறேன் சித்தி, ஒரு வாரத்துல விட்டுடறேன், எனக்குக் கட்டுப்பாடே கிடையாது" என்று அழுதாயாம். நான் ஒட்டுக்கேட்கவில்லை. என் காது அந்தப் பக்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் என் வலது தோள் இறுகிப்போனது உனக்குத் தெரியும், எவ்வளவு இறுகியது என்பதுதான் தெரியாது. மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தால் அதுவாக மனம் திருந்திப் போகும்வரை காத்திருந்தேன். சீப்பு தலைக்கு வராது, தலைதான் சீப்பிடம் போய்க் கும்பிட வேண்டும். ஊருக்கெல்லாம் சட்டை தைத்தவன் தன் சட்டையை மாட்டிக்கொள்ளப் பெண்டாட்டியைக் கூப்பிட்டான். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன், கடை ஷட்டரைத்தான் பொறுக்க முடியவில்லை. தினமும் காலையில் பக்கத்துப் பூட்டுக்கடைக்காரர் வந்து ஒரே இழுப்பில் தூக்கிவிடுவார், தூக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, எதுக்கு இந்தக் கஷ்டம், கடையை என்கிட்ட குடுத்துட்டு நிம்மதியா வீட்ல உக்காருங்க" என்பார். கெட்டவர் சொன்னால் சண்டை போடலாம், இவர் நல்ல மனிதர், அதுதான் ஆபத்து. கட்டடக்காரரும் வாடகை ஒப்பந்தம் முடியும் மாதம் நெருங்குகிறது, நீங்களா அவரா என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்டுவிட்டார். சொந்தக் கடையைச் சொந்தக் கையால் திறக்க முடியாதவன் என்ன பதில் சொல்வான், நீயே சொல்.

பிசியோதெரபி பார்க்கிற பெண், தினமும் சுவரைப் பார்த்து நின்று விரல்களைச் சிலந்தி மாதிரி மேலே ஏற்றுங்கள் என்றாள். உன் சித்தப்பனுக்குச் சிலந்தி போதுமா? விடிவதற்கு முன் எழுவேன், ஆயிரம் தடவை ஏற்றுவேன், சாதாரண மனிதர்கள் போல் செய்ய மாட்டேன் என்று வீடு அதிர அறிவித்தேன். அதற்கென்றே சிவப்புத் துணி எடுத்து அரைக்கால் சட்டை தைத்துக்கொண்டேன், இரண்டு பையோடு. முதல் நாள் செய்த வேகத்தில் சுவர் வியர்த்தது. மறுநாள் வலியில் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் சிவப்பு அரைக்கால் சட்டை மெஷின் எண்ணெய் துடைக்கும் துணியாகப் பதவி இறங்கிவிட்டது. உன் கதைதான் மகளே, சட்டைதான் வேறு.

அப்போதுதான் சித்தி அடுப்படியிலிருந்து சொன்னாள், "டீக்குத் தண்ணி வச்சிருக்கேன். அது கொதிக்கிற வரைக்கும் இந்தச் செவுத்துப் பக்கம் நில்லுங்க. கொதிச்சதும் விட்டுடுங்க, அதுக்கு மேல செய்யக் கூடாது." எனக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது, இவ்வளவு சின்ன வேலையை என்னிடம் போய்ச் சொல்கிறாளே என்று. ஆனால் சுவர் இல்லையென்றால் டீ இல்லை என்பது அவள் சட்டம். விரல் எட்டிய இடத்தில் துணிக்குக் கோடு போடுகிற சாக்பீஸால் ஒரு கோடு. சில நாள் இன்றைய கோடு நேற்றையதற்குக் கீழே விழும், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், அவள் டீயை ஆற்றுவாள். காய்ச்சலில் ஒரு நாள் விட்டுப்போனதும் எல்லாம் போச்சு, இனிமேல் எதற்கு என்று நான் புலம்ப, "ஒரு நாள் குளிக்கலைன்னா ஆயுசுக்கும் குளிக்கிறதை விட்டுடுவீங்களா?" என்று கேட்டாளே பார், மறுநாள் குளித்துவிட்டு நேரே சுவரிடம் போய் நின்றேன். இன்னொரு நாள் கோடு திடீரென்று ஒரு சாண் உயர்ந்திருந்தது. அவள் கோட்டைப் பார்க்கவில்லை, நேரே என் காலடியில் இருந்த பலகையைப் பார்த்தாள். "கை ஏறல, ஆளுதான் ஏறியிருக்கு" என்றாள். டீ வந்தது, சர்க்கரை வரவில்லை.

அப்புறம் நடந்ததுதான் அதிசயம். நான் நினைக்காமலே கை ஏற ஆரம்பித்தது. எங்கே தண்ணீர் கொதித்தாலும் விரல்கள் புறப்பட்டுவிடும். டீக்கடையில் நின்றபோது முன்னால் நின்ற ஆளின் முதுகில் ஏறிவிட்டன, அவர் அளவெடுக்கிறேன் என்று நினைத்து ஒரு கோட்டு தைக்கச் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுச் சுவர் முடிந்து கூரை வந்தது, கூரையும் முடிந்து, எங்கள் வரவேற்பறையில் ஐந்து விரல் உலாவுகிறது என்று மாடி வீட்டுக்காரர் புகார் சொல்ல வந்தார். கடைசியில் நேற்றுக் காலை பூட்டுக்கடைக்காரர் ஷட்டருக்குக் குனிந்தபோது, தம்பி கொஞ்சம் தள்ளுங்கள் என்றேன். பிடித்தேன், தூக்கினேன். ஷட்டர் பறந்துபோய் மேகத்தில் மோதியது. உங்கள் ஊரில் இடி கேட்டிருக்கும், அது நான்தான்.

ஆகவே உனக்குச் சொல்வது இதுதான். பெரிய புத்தகத்தைத் தலைமாட்டில் அடுக்கி மணிக்கணக்காகப் படிக்கிறேன் என்று சபதம் எடுக்காதே, அதெல்லாம் சிவப்பு அரைக்கால் சட்டை. நீ எப்படியும் தினமும் பஸ்ஸுக்கு நிற்கிறாய் அல்லவா, பஸ் வரும்வரை அந்த ஊர் மொழியில் உனக்கு நீயே பேசு, பஸ் வந்ததும் வாயை மூடு. பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரி பார்த்தால் இன்னும் நல்லது, உட்கார இடம் விடுவார்கள். முடியாத நாளில் ஒரே ஒரு வாக்கியம் போதும். ஒரு நாள் விட்டால் விட்டுப்போகட்டும், மறுநாள் நின்றுகொள். கட்டுப்பாடு என்பது பிறக்கும்போது கொடுத்து அனுப்புகிற சாமான் இல்லை மகளே, உனக்கு இல்லை என்று அழுவதற்கு. எனக்கே வந்திருக்கிறது என்றால் யாருக்கு வராது?

நீ தேறுவாய், எனக்குச் சந்தேகமே இல்லை. நோயில்லாமல், குறையில்லாமல், பல்லாண்டு சிரித்த முகமாக இரு. பரீட்சையிலிருந்து பெயரை எடுக்காதே, மறுபடியும் சொல்கிறேன், எடுக்காதே. சித்தி குளிருக்குக் காதை மூடிக்கொள்ளச் சொல்கிறாள்.

என்றும் உன் நலம் நாடும்,
விண்ணை முட்டும் வலது கையால் எழுதும் உன் சித்தப்பா

பி.கு: சித்தி இதைப் படித்துவிட்டு, குழந்தைக்குப் பொய் எழுதி அனுப்பாதீர்கள், இதைத் தபாலில் சேர்க்க விடமாட்டேன் என்கிறாள். சரி, மேகம் பொய், மாடி வீட்டுக்காரர் பொய், டீக்கடை ஆள் சொன்னது கோட்டு இல்லை, வசவு. ஷட்டர் மட்டும் நிஜம். என் மார்பு உயரம்வரைதான் ஏறியது, அதற்கு மேல் வரவில்லை. பூட்டுக்கடைக்காரர் உதவிக்குக் கை நீட்டினார், வேண்டாம் என்றேன். குனிந்து உள்ளே போய் விளக்கைப் போட்டேன். கட்டடக்காரருக்கு நான்தான் என்று சொல்லியாகிவிட்டது.