பின்னிணைப்பில் பதினொரு பேர்

மார்ச் 3
ஆய்வேடு திரும்பி வந்துவிட்டது. தேர்வாளரின் குறிப்பு: “என்ன சொல்ல வருகிறார் என்று விளங்கவில்லை. மூன்று மாதத்தில் திருத்தித் தரட்டும். இதுவே கடைசி வாய்ப்பு.” ஐந்து வருட உழைப்பு! வழிகாட்டி ஆறுதல் சொன்னார்: “கோச்சுக்காதீங்கம்மா. நீங்க சொல்ல வர்ற விஷயமே பதின்மூணாம் பக்கத்துலதான் வருது.” நன்றாகவே கோபித்துக்கொண்டேன்.

மார்ச் 4
எழுதவில்லை. அலமாரியைத் துடைத்தேன்.

மார்ச் 9
அக்காவுக்குத் தொலைபேசியில் முதல் பத்தியைப் படித்துக் காட்டினேன். மருந்துக் கடையில் நாளெல்லாம் டாக்டர்களின் கிறுக்கலைப் படிப்பவள். என் எழுத்து மட்டும் பிடிபடவில்லையாம். “யாருடி இதுல? என்ன பண்றாங்க?”

சர்க்கரை நோயாளிகள் மறுபரிசோதனைக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள், ஆஸ்பத்திரி தூரமாக இருப்பதுதான் காரணம் என்றேன்.

“இத அப்படியே எழுதித் தொலையேன்!”

முதல் வரியாக அதையே எழுதினேன். வெட்கமாக இருந்தது.

மார்ச் 21
ஒரு பத்திக்கு ஒரு கருத்து, பக்கத்திலேயே அதற்கான சான்று. “குறிப்பிடத்தக்க அளவில்” என்று எழுதிய இடத்திலெல்லாம் எண்ணைப் போட்டேன். முதல் இயல் மட்டும் நாற்பது பக்கத்திலிருந்து இருபத்தாறாகிவிட்டது. காணாமல்போன பதினான்கு பக்கத்தில் என்னதான் இருந்தது?

ஏப்ரல் 2
அக்கா ஒரே கேள்வியில் கவிழ்த்துவிட்டாள். “அப்போ ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கறவங்க எல்லாம் ஒழுங்கா வந்துட்டாங்களா?”

இல்லை. பதினொரு பேர் வரவில்லை. எல்லாம் அடுத்த தெரு, எதிர்த் தெருக்காரர்கள். எனக்குத் தெரியும். பின்னிணைப்பில், பொடி எழுத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில் போட்டிருந்தேன். பொய் சொல்லவில்லையே — போட்டுத்தானே இருக்கிறேன்? யாரிடம் இந்த வாதம்! எழுத வராம ஒண்ணும் நான் குழப்பி எழுதல. தெளிவா எழுதினா இது வெளிய வந்துடும்னு பயந்துதான்... சே.

ஏப்ரல் 3
பதினொரு பேரையும் நான்காம் இயலின் தொடக்கத்துக்கே கொண்டுவரப் போகிறேன் என்று வழிகாட்டியிடம் சொன்னேன். “முடிவே ஆட்டம் கண்டுடுமேம்மா. ரெண்டு மாசம்தான் இருக்கு” என்றார். தெரியும் என்றேன்.

ஏப்ரல் 30
அந்தப் பதினொரு பேரின் நேர்காணல்களை மறுபடி படித்தேன். ஒன்பது பேர் சொன்னது ஒன்றேதான்: பரிசோதனை காலையில் மட்டும், காலையில் வேலையை விட்டு வர முடியாது. தூரத்துக்காரர்களிலும் பாதிப் பேர் இதைச் சொல்லியிருக்கிறார்கள்! நான்தான் கிலோமீட்டரையே அளந்துகொண்டிருந்திருக்கிறேன். முடிவை மாற்றி எழுதினேன். தூரம் ஒரு காரணம். நேரம் அதைவிடப் பெரிய காரணம்.

மே 28
கொடுத்துவிட்டேன்.

ஜூலை 11
வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் எடுத்த எடுப்பிலேயே, “உங்க முடிவை நான் ஒத்துக்கல” என்றார். முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினோம். தூரம்தான் பெரிது என்று அவர், நேரம்தான் என்று நான். என் ஏட்டிலிருந்தே பக்க எண் சொல்லி மடக்கினார். நானும் பக்க எண் சொல்லியே பதில் கொடுத்தேன். போன முறை ஒன்றுமே விளங்கவில்லை என்றவர், இந்த முறை ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார். வழிகாட்டி விசிறிக்கு நேராக நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

கடைசியில் தேர்வாளர் தேர்ச்சிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். நான் வாங்கப்போக, அவர் பிடியை விடவில்லை.

“இப்பவும் ஒத்துக்கலம்மா” என்றார்.

சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.